நாலு பெயின்ற் வாளியும் இருபத்திரண்டு பனங்குருத்தும்: வீட்டு முற்றத்தில் கட்டிய மணவறை

தங்கையின் கலியாணம் முடிந்து இன்றோடு பதினெட்டு நாள். பின்வளவில் கிணற்றுக்கட்டுக்குப் பக்கத்தில் நாலு பெயின்ற் வாளிகள் கிடக்கின்றன. உள்ளே முழுக்கக் கொங்கிரீற். ஒருவர் தனியாகத் தூக்க முடியாது. அதற்குள் மூன்று பேர் போன் எடுத்து, "மணவறை நீங்களே கட்டினதாமே, எப்பிடிச் செய்தனீங்கள், எவ்வளவு முடிஞ்சுது?" என்று கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி வாய் நொந்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன், பிழைத்துப்போன இடங்களையும் சேர்த்து.

நான் தையல்காரி. யாழ்ப்பாணம் கொக்குவிலில் வீட்டோடு சேர்ந்த சின்னக் கடை. துணியை அளப்பேன், வெட்டுவேன், தைப்பேன். இரும்பும் சீமெந்தும் எனக்குத் தெரியாத உலகம். அந்தப் பக்கத்தைச் சித்தப்பா பார்த்தார். மேசன் வேலையில் முப்பது வருடம் இருந்தவர், இப்போது முழங்கால் வலியால் வீட்டில் இருக்கிறார். எங்கள் வீடு, காசு அனுப்ப வெளிநாட்டில் ஒருவரும் இல்லாத வீடு. யாழ்ப்பாணத்தில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். கையில் இருந்தது எட்டு இலட்சம். அதற்கு மேல் போனால் வட்டிக்கு வாங்க வேண்டும், அது வேண்டாம் என்று அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார்.

பெரிய வெட்டு விழுந்த இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மண்டபம் எடுக்கவில்லை, வீட்டு முற்றத்தில் வைத்தோம். அழைப்பு 260 பேரிலிருந்து 140 பேருக்கு இறங்கியது. இதில்தான் கூடச் சண்டை, மாமி இன்னமும் முழுதாகக் கதைப்பதில்லை. பலகாரம் முழுவதும் வீட்டில் சுட்டது. பயற்றம் உருண்டை, சீனி அரியதரம், முறுக்கு, கொக்கிஸ் என்று பெரியம்மாமார் நாலு பேர் இரண்டு நாள் அடுப்படியை விட்டு எழும்பவில்லை. வந்தவர்களுக்குக் கொடுக்கப் பளபளத்த பை அடிக்காமல் சின்னப் பனையோலைப் பெட்டியில் பலகாரம் போட்டுக் கொடுத்தோம். தாலிக்கொடி மாப்பிள்ளை வீட்டார் பாடு. இவ்வளவும் பேசி முடித்த பிறகும் ஒரு தொகை மட்டும் தொண்டையில் முள்ளாக நின்றது: மணவறைச் சோடனை. கேட்ட இரண்டு இடத்தில் குறைந்தது 135,000 ரூபா. காலையில் கொண்டுவந்து பூட்டி, பின்னேரம் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

"அரை நாளுக்கு ஒண்டே கால் இலட்சத்துக்கு மேலயோ? நாலு காலும் ஒரு துணியும்தானே" என்றார் சித்தப்பா. அந்த "தானே"யில் தொடங்கியது எல்லாம்.

முதல் பிழை என்னுடையது. யூடியூப்பில் றெஜிபோம் (பெட்டிகளுக்குள் வைத்து வரும் வெள்ளை நுரைப் பிளாஸ்ரிக்) தகட்டை வெட்டித் தூண் செய்து, பொன்நிறம் அடித்துக் கோயில் தூண் போலக் காட்டியிருந்தார்கள். பார்த்தவுடன் மயங்கிவிட்டேன். றெஜிபோம் தகடு ஆறு, ஒன்று 950 படி 5,700. பொன்நிற ஸ்பிரே பெயின்ற் நாலு ரின், ஒன்று 1,150 படி 4,600. சூடாக்கிய கம்பியால் வளைவு வளைவாக வெட்டி இரண்டு இரவு வேலை செய்தேன். வெட்டு நன்றாகத்தான் வந்தது. மூன்றாம் நாள் வெளியில் வைத்து ஸ்பிரே அடித்தால், அடித்த இடமெல்லாம் சீனிப்பாகில் வெந்நீர் ஊற்றியதுபோலக் குழிந்து உருகி ஓடியது. ஸ்பிரே ரின்னில் இருக்கிற கரைப்பான் றெஜிபோமைக் கரைத்துவிடும். தண்ணீரில் கலக்கும் சுவர்ப் பெயின்ற் என்றால் ஒன்றும் செய்யாது. முதலில் ஒரு சின்னத் துண்டில் அடித்துப் பார்த்திருந்தால் ஒரு தகட்டோடும் ஒரு ரின்னோடும் போயிருக்கும். தையலில் புதுத்துணி வந்தால் ஓரத்தில் ஒரு துண்டை நனைத்துச் சுருங்குகிறதா என்று பார்க்காமல் நான் வெட்டுவதே இல்லை. அந்தப் புத்தி அன்றைக்கு எங்கே போனது என்று தெரியவில்லை. மொத்தம் 10,300 ரூபா கரைந்தது. அப்போதே இன்னொன்றும் உறைத்தது: இதன் முன்னால்தான் ஓமம் வளர்க்கப் போகிறார்கள். றெஜிபோம் தீப்பிடித்தால் கரும்புகையோடு உருகிச் சொட்டும். பெயின்ற் காசைக் கொண்டுபோனாலும் அதைவிடப் பெரியதொன்றிலிருந்து காப்பாற்றிவிட்டது.

பிறகு சித்தப்பாவின் வழிக்கு வந்தோம். முதலில் எலும்பு, பிறகு தோல், கடைசியில் பூ.

பழைய இரும்புக் கடையில் ஒன்றரை அங்குல ஜி.ஐ. குழாய் (துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்), 20 அடி நீளத்தில் இரண்டு, 11,000 ரூபாவுக்குக் கிடைத்தது. மேலே கறை இருந்தாலும் உள்ளே துரு இல்லை. ஒவ்வொன்றிலும் இரண்டு 9 அடித் துண்டு, ஆக நாலு கால். மேல் சட்டத்துக்கு ஓரங்குலப் பொக்ஸ் பார் (சதுரமான இரும்புக் குழாய்) புதிதாகவே இரண்டு, 2,900 படி 5,800.

இங்கே இரண்டாவது பிழை, இது இருவருக்கும் பங்கு. ஆறுக்கு ஆறு அடி என்று காகிதத்தில் போட்டு, பொக்ஸ் பாரை ஆறடி ஆறடியாக வெட்டி, 3,500 கொடுத்து வெல்டிங்கும் செய்தாயிற்று. பெரியம்மா பின்னேரம் வந்தார். சட்டத்தை நிலத்தில் போட்டிருந்தோம். அதற்குள் போய்ச் சம்மணம் போட்டு இருந்தார். "இது மாப்பிள்ளை. பக்கத்தில பொம்பிளை. சரி, தோழன் எங்க இருக்கிறது, உன்ர மடியிலயோ?"

மாப்பிள்ளைத் தோழனையும் பெண்ணின் தோழியையும் நாங்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை. ஓராளுக்கு 20 அங்குலம் வைத்தால் நாலு பேருக்கு 80 அங்குலம், அதாவது ஆறடி எட்டு அங்குலம். இரண்டு காலிலும் கட்டுகிற சோடனை அரை அடியாவது தின்னும். கை கால் அசைய இடமும் விட்டால் ஒன்பது அடி வேண்டும். வெட்டிய பாரில் எட்டடித் துண்டு ஒன்று மிச்சம் கிடந்தது. அதிலிருந்து இரண்டு மூன்றடித் துண்டு எடுத்து முன்சட்டத்திலும் பின்சட்டத்திலும் ஒட்டினோம். ஒட்டின இடம் தொய்யாமல் இருக்க, உள்ளே சின்னப் பார்த்துண்டு ஒன்றைச் செருகி வெல்டிங் செய்யச் சொன்னார் சித்தப்பா. கூலி இன்னொரு 2,000. நடுச்சட்டத்துக்கு இரும்பு போதவில்லை, 650 ரூபாவுக்கு ஒரு மர ரீப்பை வாங்கிக் கட்டுக்கம்பியால் இறுக்கினோம். ஆழம் ஆறடியாகவே நின்றது.

வெட்ட முன் செய்ய வேண்டியது இதுதான்: முற்றத்தில் கரிக்கட்டியால் கோடு போட்டு, வீட்டு ஆட்களையே நாலு பேராக இருத்தி, இரண்டு பக்கமும் பெற்றோருக்கு இடம் விட்டு, ஐயருக்கும் ஓமகுண்டத்துக்கும் பெட்டி வரைந்து, சோடி தீயைச் சுற்றி வருவதற்குக் குறைந்தது மூன்றடிப் பாதை இருக்கிறதா என்று நடந்து பார்ப்பது. அம்மி வைக்கிற இடமும் அந்தப் பாதையில்தான் வரும். நாங்கள் இதைப் பிழைவிட்ட பிறகு செய்தோம். கரிக்கட்டிக்குக் காசில்லை. உயரத்தையும் அப்போதே பார்த்தோம்: மாப்பிள்ளை ஐந்தடி பத்து, தலைப்பாகை அரை அடி, மேடை ஐந்து அங்குலம். ஏழடிக்குள் அடங்கும். கால் ஒன்பது அடி என்பதால் பயமில்லை.

அடுத்தது கால்களை நிறுத்துவது. முற்றம் முழுக்கச் சீமெந்து. தோண்டுவதற்கு அம்மா விடவில்லை. பெயின்ற் கடையில் வெறும் 20 லீற்றர் வாளி நாலு, 250 படி வாங்கினோம். ஒரு பை சீமெந்து 2,150. மணலும் முக்கால் அங்குலச் சல்லியும் பக்கத்து வீட்டு மதில் வேலையில் மிஞ்சியது, கேட்டுத்தான் எடுத்தோம். ஒன்றுக்கு இரண்டு மணல், நாலு சல்லி. அரைப் பை சீமெந்துக்குச் சற்றுக் கூடத்தான் போனது. குழாயை நேரே கொங்கிரீற்றில் நட்டால் பிறகு கழற்ற முடியாது. அதனால் ஒவ்வொரு வாளியின் நடுவிலும் 63 மில்லிமீற்றர் பி.வி.சி. குழாய்த் துண்டு ஒன்றை நிறுத்திச் சுற்றிவரக் கொங்கிரீற் போட்டோம். ஜி.ஐ. குழாய் அதற்குள் இறங்கும், சுற்றியுள்ள இடைவெளிக்குப் பூவரசம் ஆப்பு. முதல் வாளியில் பி.வி.சி. துண்டைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டு நான் தேத்தண்ணி போடப் போனேன். பிறகு பார்த்தால் ஒரு நூல், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, சரிந்து இறுகிவிட்டது. வாளிக்குள் ஒரு நூல் என்றால் ஒன்பது அடி உயரத்தில் ஏறக்குறைய ஓரங்குலச் சரிவு. அடுத்த மூன்றுக்கும் வாளி வாயின் குறுக்கே பலகை வைத்து, துளையில் குழாயைச் செருகி, தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்த பிறகுதான் நிரப்பினோம். சரிந்ததைக் கடைசியில் ஆப்பால் சமாளித்து, பின்பக்க மூலையில் வைத்தோம். ஏழு நாள் ஈரச்சாக்குப் போட்டு நனைத்தோம்.

தோண்டாத முற்றத்தில் ஒரே ஒரு குழி மட்டும் தோண்டினோம், அது கன்னிக்காலுக்கு, கலியாணத்துக்கு முன் நடுகிற மங்கலக் காலுக்கு. பொன்னுருக்கு (தாலிக்குப் பொன் உருக்கும் சடங்கு) அன்று ஈசான மூலையில் முள்முருக்குக் கிளை ஊன்ற வேண்டும். வாளியில் நட்டால் என்ன என்று நான் கேட்டேன். பெரியம்மா பார்த்த பார்வையில் அந்தக் கதை அதோடு நின்றது. சித்தப்பா உளியை எடுத்து ஓரடிக்கு ஓரடி சீமெந்தைக் கொத்தினார்.

மேடைக்கு, மாபிள் தகடு வந்திறங்கும் மரத்தட்டுகள். மூன்றுக்கு மூன்று அடியில் ஆறு தட்டு, ஒன்று 300. ஆறும் சேர்ந்தால் ஒன்பதுக்கு ஆறு, அளந்து செய்ததுபோலப் பொருந்தியது. நீட்டிக்கொண்டிருக்கும் ஆணிகளை எல்லாம் அடித்து உள்ளே இறக்க ஒரு பின்னேரம் போனது. வெறுங்காலோடு ஏறுகிற இடம், இதில் அவசரப்படக் கூடாது. இடைவெளியில் கால்விரல் மாட்டாமல் இருக்கப் பழைய பாய்களை இரண்டடுக்காகப் போட்டு, மேலே கம்பளம்.

இனி என் பக்கம். பின்சுவருக்குத் துணி வாங்கவில்லை. அம்மாவின் கூறை, பெரியம்மாமாரின் பட்டுச்சேலைகள் என்று வீட்டு அலுமாரிகளில் இருந்தே எடுத்தோம். கணக்கு எளிது. ஒரு சேலை ஏறக்குறைய 18 அடி நீளம், 45 அங்குல அகலம். நீளப்பாட்டைக் குறுக்கே பிடித்து, ஒன்றுக்கு இரண்டாகச் சுருக்கு வைத்தால் 18 அடி ஒன்பது அடியாக வரும். அகலம் சற்றேறக்குறைய நாலடி, ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு சேலை கட்டினால் ஏழரை அடி. பின்சுவர் முடிந்தது. வெட்டவில்லை, ஒரு ஊசித்துளைகூடத் தெரியாமல் நீள ஓட்டுத்தையல் மட்டும். கலியாணம் முடிந்த அன்று பின்னேரமே நூலை உருவி, மடித்து, அவரவர் அலுமாரிக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மேற்கட்டிக்கு இரண்டு பருத்திச் சேலை. ஜோர்ஜெற், நைலோன் எதையும் தீக்கு மேலே கட்டவில்லை, அழகாகத் தொங்கும் என்பது உண்மை, ஆனாலும் வேண்டாம்.

சோடனைக்கு முதலில் தென்னங்குருத்து என்றுதான் நினைத்தோம். எங்கள் பக்கத்தில் அதுதான் பழக்கம். பரீட்சைக்கு ஒரு தூணைச் சுற்றிப் பின்னிப் பார்த்தேன். காலையில் பசும்பொன், மறுநாள் ஓரம் முழுக்கப் பழுப்பு. தென்னங்குருத்து முதல் நாள் இரவு இருந்து பின்ன வேண்டிய வேலை. பத்துப் பதினைந்து கை வேண்டும். எங்களிடம் இருந்தது மூன்று மாதம், ஆள் இல்லை. நேரம் இருந்து ஆள் இல்லாத வீட்டுக்குப் பனங்குருத்துத்தான் சரி. காய்ந்த பிறகும் தந்தநிறத்தில் அப்படியே நிற்கும்.

அராலியில் மாமா ஒருவரின் காணியில் பனைகள். மரம் ஏறுகிறவர் 22 குருத்து இறக்கித் தந்தார், ஒரு மரத்தில் ஒன்றுக்கு மேல் தொடமாட்டேன் என்று சொல்லித்தான் ஏறினார். கூலி 6,000, ஏற்றி வந்த லாண்ட்மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) கூலி 1,500. குருத்து விரியாமல் இருக்கும்போதே மடிப்பு மடிப்பாக இருக்கும், இயற்கையே சுருக்கு வைத்துத் தைத்ததுபோல. அதைப் பாதி விரித்து, நுனியை வளைவாக வெட்டினால் விசிறி. ஒரு குருத்தில் மூன்று, சிலதில் நாலு விசிறி எடுக்கலாம். எல்லாம் ஒரே அளவாக வர, 14 அங்குல ஆரத்தில் கார்ட்போட்டில் ஒரு அச்சு வெட்டி வைத்துக்கொண்டேன். தையல் கத்தரிக்கோலால் வெட்டிப் பார்க்காதீர்கள், என் நல்ல கத்தரிக்கோல் ஒன்று மொட்டையானது. அம்மம்மாவின் சத்தகம், ஓலை வார்கிற சின்னக் கத்தி, பரணில் கிடந்தது. தீட்டி எடுத்தேன். ஈர்க்கை நீக்கவும் நுனி வளைக்கவும் அதற்கு நிகர் இல்லை.

உலர்த்தியதில் இரண்டு முறை கெடுத்தேன். முதல் முறை சீமெந்துத் தரையில் வெறுமனே பரப்பி வெயிலில் விட்டேன், இரண்டாம் நாள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் முறுகிக்கொண்டது. அடுத்த தொகுதியைப் பாதி காய்ந்த நிலையில் பாய்க்குள் வைத்து, மேலே கல் ஏற்றினேன். தட்டையாக வந்தது. முறுகியவற்றுக்குத் தண்ணீர் தெளித்து அதேபோல வைக்க, அவையும் வழிக்கு வந்தன. இரண்டாவது கெடுதல்: காய்ந்துவிட்டது என்று நினைத்து எல்லாவற்றையும் பொலித்தீன் பையில் கட்டி அறைக்குள் வைத்தேன். பத்து நாள் கழித்துப் பார்த்தால் கரும்புள்ளியாகப் பூஞ்சணம். ஒன்பது விசிறி குப்பைக்கு. காய்ந்த ஓலையைச் சாக்கில் அல்லது துணியில் சுற்றி, காற்றுப் படுகிற இடத்தில்தான் வைக்க வேண்டும். மடிக்கவோ கம்பி குத்தவோ முன் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் வெடிக்காது. கடைசியில் கையில் தேறியது 63 விசிறி. பதினைந்துக்குச் சாயம். சாயத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஓலையை அமிழ்த்தி எடுத்தேன், குங்குமச் சிவப்பு. மற்றவை அப்படியே.

பூவுக்கு மாசியிலேயே வேலி ஓரம் மூன்று வரிசை வாடாமல்லி விதை போட்டிருந்தேன். விதை 300 ரூபா. ஒரு வரிசையை ஆடு தின்றது. மற்ற இரண்டும் வைகாசிக் கடைசியில் ஊதா ஊதாவாக நின்றன. பேருக்கு ஏற்ற பூ, இரண்டு நாள் முன்பே கோத்து வைத்தாலும் அப்படியே இருக்கும். விசிறிகளின் அடிச்சந்தி ஒவ்வொன்றையும் இந்தச் சரத்தால் மூடினேன். மல்லிகை, மாலைகளுக்கு மட்டும் கடையில் 7,500. முகூர்த்த நாளில் பூ விலை ஏறும் என்பதால் நாலு நாள் முன்பே சொல்லி முன்பணம் கொடுத்தோம்.

கலியாணத்துக்கு முதல் நாள் காலை எல்லாவற்றையும் பூட்டினோம். இரண்டரை மணித்தியாலம். அழகுதான். அம்மா வாசலில் நின்று ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டு நின்றார். பின்னேரம் மூன்று மணிக்குச் சோளகக் காற்று தொடங்கியது.

இதை நாங்கள் யோசிக்கவே இல்லை. ஆனியில் சோளகம் அடிக்கும் என்று இந்த ஊரில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். மணவறை கிழக்குப் பார்க்க வேண்டும். அப்படியானால் பின்சுவர் மேற்கே. சோளகமோ தென்மேற்கிலிருந்து வருகிறது. ஒன்பது அடி அகலம், ஏழரை அடி உயரத்தில் நான் பாய்மரம் கட்டி வைத்திருக்கிறேன்! ஒரு பெரிய வீச்சில் பின்வாளிகள் இரண்டும் நாலு விரல் உயரம் கிளம்பித் திரும்ப நிலத்தில் இடித்தன. "பிடியுங்கோ, பிடியுங்கோ" என்று சித்தப்பா கத்த, பெரியம்மா மாவுக்கையோடு ஓடிவந்து காலைக் கட்டிப் பிடித்தார். இன்னொரு வீச்சு வந்திருந்தால் ஓமகுண்டம் வைக்கிற இடத்தில் குப்புற விழுந்திருக்கும்.

அன்றிரவு மூன்று திருத்தம் செய்தோம். பின்கால்கள் இரண்டிலிருந்தும் கம்பி இழுத்து, ஒன்றை மாமரத்திலும் மற்றதை வீட்டு யன்னல் கம்பியிலும் கட்டினோம். பின்வாளிகளின் மேல் ஒவ்வொரு மணல் மூட்டை. மூன்றாவது என் யோசனை, எனக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு: இரண்டு சேலைகளையும் இணைத்திருந்த தையலை உருவி, நடுவில் நாலு அங்குலம் இடைவெளி விட்டேன். கீழ்ச்சேலையின் அடியையும் மேடையோடு கட்டாமல் தளரவிட்டேன். காற்று சுவரைத் தள்ளாமல் ஊடே போய்விடும். நடு இடைவெளியை மறைக்கக் குறுக்கே ஒரு வரிசை விசிறி, கம்பியில் தொங்கவிட்டது. காற்றுக்கு அவை மெல்ல ஆடின. அதுதான் அடுத்த நாள் எல்லோரும் "நல்லாயிருக்கு" என்று சொன்ன இடம். திட்டத்தில் இருந்ததாக நான் ஒருவருக்கும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

தீ விஷயத்தில் ஐயரோடு பேசித்தான் அளவு எடுத்தோம். நான் நாலடி தள்ளி வைக்கக் கேட்டேன். "பொரி போட கை எட்ட வேணுமே பிள்ளை" என்றார். இரண்டரை அடியில் முடிந்தது. அதனால் முன்கால்களில் கீழிருந்து நாலடி உயரம் வரை ஓலையே இல்லை. வாழைமடலை உரித்துச் சுற்றிக் கட்டினோம், நெய் ஊற்றும்போது எழும்புகிற தீ அதை ஒன்றும் செய்யாது. ஓலை அதற்கு மேலேதான். பின்னால் ஒரு வாளி தண்ணீர், ஒரு வாளி மணல், பக்கத்தில் சித்தப்பாவின் மகன். அவனுக்கு வேறு வேலை கொடுக்கவில்லை.

விளக்கையும் சொல்ல வேண்டும். முதலில் வெள்ளை எல்.ஈ.டி. போட்டோம், ஓலை சாம்பல் நிறமாகத் தெரிந்தது. மஞ்சள் ஒளி மாற்றியவுடன் அதே ஓலை பொன்னாகியது. இரண்டுக்குமாக 3,800. வெள்ளையை இப்போது கடையில் பூட்டியிருக்கிறேன்.

விடிய நாலு மணிக்கு வாசலில் குலைவாழை கட்டி, மாவிலைத் தோரணம் தூக்கினோம். குருத்தோலைத் தோரணம் நான் மடித்ததைப் பார்த்து ஒரு மாமி பதறிப்போய் அவிழ்க்கச் சொன்னார். நல்ல காரியத்துக்கும் செத்த வீட்டுக்கும் மடிப்பு வேறு. யூடியூப்பைப் பார்த்துச் செய்யாமல் ஊரில் ஒருவரைக் கேட்டுச் செய்யுங்கள்.

முகூர்த்தம் காலை பத்தரைக்கு முன் என்பதால் காற்று பலக்க முன்பே தாலி ஏறிவிட்டது. மணவறை அசையவில்லை. கம்பி இரண்டும் வீணைத் தந்திபோல விண்ணென்று நின்றன, அவ்வளவுதான். பிழைத்தது புகை. காற்று பின்னாலிருந்து வருகிறது என்று துணியைத் திருத்தினேனே தவிர, அதே காற்று ஓமப்புகையை எங்கே கொண்டுபோகும் என்று நினைக்கவில்லை. முன்வரிசையில் சம்பந்தி வீட்டார். தாலி கட்டுகிற நேரம் மாப்பிள்ளையின் அம்மா கண்ணீர் விட்டதைப் பார்த்து எல்லோரும் உருகினார்கள். பிறகு அவரே சிரித்துக்கொண்டு சொன்னார், "அழேல்லப் பிள்ளை, புகை." முன்வரிசைக் கதிரைகளை தெற்குப் பக்கம் தள்ளிப் போட்டிருக்க வேண்டும்.

கணக்கு: கட்டுக்கம்பி, ஸ்ரேப்பிளர் ஊசி, நூலுக்கு 2,400, பி.வி.சி. துண்டுக்கு 900, எல்லாம் சேர்த்து மணவறைக்கு மொத்தம் 60,600 ரூபா. கரைந்துபோன றெஜிபோமும் அதற்குள் இருக்கிறது. அதை விட்டால் 50,300. என் நாள்களையும் சித்தப்பாவின் முழங்காலையும் போடவில்லை. போட்டால் வாடகைக்கு எடுத்ததே மலிவு என்று யாராவது சொல்லலாம், சொல்லட்டும். ஏறக்குறைய மூன்று மாதம், கிழமையில் இரண்டு பின்னேரம் போனது. இரும்பும் வாளியும் மரத்தட்டும் மிச்சம். குழாய்களை முந்திரிகை (திராட்சை)ப் பந்தலுக்குப் போடலாம் என்று சித்தப்பா நினைத்திருந்தார்.

அதற்குள் பக்கத்து வீட்டு அண்ணை வந்து கேட்டுவிட்டார். ஆவணியில் அவர்கள் மகளுக்குச் சாமத்தியச் சடங்கு. வாளி, கால், விசிறி எல்லாம் தரலாம், சேலை மட்டும் அவர்கள் வீட்டு அலுமாரியில் இருந்து வரட்டும் என்றேன். பத்தடி அகலம் வேண்டுமாம். நடுச்சட்டத்தை இந்த முறை இரும்பில் போடச் சொல்லி, நேற்றுப் பின்னேரம் அவர் முற்றத்தில் கரிக்கட்டியால் கோடு போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.